சிக்கரி சேர்க்காத கால் கிலோ

பத்தொன்பது வருடங்களாகச் சார்லி வீட்டுக்கு ஒரே காப்பித்தூள்தான். எழுபது பங்கு காப்பி, முப்பது பங்கு சிக்கரி. ஆரணி கொசப்பாளையத்தில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கும் அபிதகுசாம்பாளுக்கு அது மனப்பாடம். சார்லி வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் அவருடைய கை தானாக அந்த டப்பாவுக்குப் போய்விடும். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், போன கையைச் சார்லி நிறுத்தினார்.

"இன்னைக்கு சிக்கரி வேணாங்கக்கா. வெறும் காப்பி. கால் கிலோ. கொஞ்சம் கொரகொரன்னு அரைச்சுக் குடுங்க."

அபிதகுசாம்பாள் மூக்குக்கண்ணாடியை நுனிமூக்குக்கு இறக்கி அவரைப் பார்த்தார். அறுபதை நெருங்குகிறவர். கணவர் காலமான பிறகு கடையைத் தனியாக நடத்துகிறார். யார் வீட்டில் எத்தனை பங்கு சிக்கரி என்பதை வைத்தே அந்த வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடக்கூடியவர்.

"கொரகொரன்னு அரைச்சா டிகாஷன் நிக்காதே தம்பி. தண்ணியாத்தான் எறங்கும். எதுக்கு?"

இந்தக் கேள்வியைச் சார்லி எதிர்பார்த்திருக்க வேண்டும். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர் அவர். எந்தக் கம்பியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முப்பது வருடமாகச் சரியாக முடிவு செய்து உயிரோடு இருக்கிறவர். அந்தத் திறமை காப்பிக்கடை வாசலில் உதவவில்லை. உண்மையான பதில், மாட்டுக்கறிமேல் தடவ என்பது. அபிதகுசாம்பாளோ முட்டைகூடத் தொடாத சைவம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சார்லி வீட்டிலிருந்து அவருக்கென்று முட்டை போடாத கேக் தனியாகப் போகும். அந்த அரைவை மெஷினுக்கு எதிரில் நின்றுகொண்டு மாடு என்ற சொல்லைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"முகத்துக்குக்கா," என்றார்.

"முகத்துக்கா?"

"பூசிக்கிறதுக்கு. எங்க பொண்ணு சொல்லிச்சு. காப்பித்தூள் பூசுனா முகம் பளிச்சுனு ஆவுமாம்."

அபிதகுசாம்பாள் அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தார். ஐம்பத்து மூன்று வருட வெயில் அதில் இருந்தது.

"ஆமா, வீட்டுல கல்யாணம் வச்சிருக்கீங்க இல்ல," என்று சொல்லி மெஷினைப் போட்டார்.

கல்யாணம் சார்லியின் மகள் ஹெப்சிபாவுக்கு. மாப்பிள்ளை வீடு காட்பாடி. மாப்பிள்ளையின் அப்பா ராபர்ட், கப்பலில் இருபது வருடம் சமையல் செய்து ஓய்வு பெற்றவர். நிச்சயம் முடிந்த மறுவாரம் பெண் வீட்டாரை விருந்துக்கு அழைத்திருந்தார். மேசைக்கு நடுவில் ஒரு மரப்பலகையில் மாட்டின் நெஞ்சுக்கறியை முழுசாக வைத்து, அவர்கள் கண்ணெதிரிலேயே துண்டு போட்டார். வெளியே கரி பூசினதுபோல் கறுப்பு, உள்ளே ரோஜா நிறம். வாயில் வைத்தால் மெல்ல வேண்டிய வேலையே இல்லை.

"காப்பித்தூளும் மிளகும் தடவி எட்டு மணி நேரம் புகையில போட்டது சம்மந்தி," என்றார் ராபர்ட். "அமெரிக்காவுல ஒரு துறைமுகத்துல கத்துகினு வந்தேன்."

சார்லி நான்கு முறை வாங்கிச் சாப்பிட்டார். நான்காவது முறை ராபர்ட் பரிமாறியபடியே சொன்னார்: "நல்லா சாப்புடுங்க. ஆரணியில பட்டு கெடைக்கும். இது கெடைக்காது."

சொன்னவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சார்லிதான் சிரிக்கவில்லை. "ஜவுளி எடுக்க எப்ப வர்றீங்க சம்மந்தி?" என்று கேட்டார்.

"அடுத்த மாசம் கடைசி சனிக்கிழமை."

"அன்னைக்கு மத்தியானம் எங்க வீட்டுல சாப்பாடு. இதே ஐட்டம்."

திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி ஃப்ளோரன்ஸ் கேட்டாள்: "ஏங்க, நீங்க நம்ம வீட்டுல எப்பனா சுடுதண்ணி வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன்."

"எப்ப?"

சார்லி கண்ணமங்கலம் வரும்வரை யோசித்தார். பிறகு தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனால் எடுத்த காரியத்தை விடுகிறவர் இல்லை. வீட்டுப் பின்புறம் துருப்பிடித்துக் கிடந்த இரும்பு டிரம்மை வெல்டிங் பட்டறை தென்னரசுவிடம் கொண்டுபோய் ஒரு கதவும், உள்ளே கம்பித் தட்டும், மேலே புகை போக ஒரு குழாயும் வைத்துக்கொண்டார். விறகுக்குப் பஞ்சமில்லை. மின்கம்பியில் உரசுகிற மரக்கிளைகளை வெட்டுவது அவர் பிரிவின் வேலை. வெட்டிப் போட்ட மாங்கிளைகள் காய்ந்து கிடந்தன. செய்முறையை மகள் போனில் தேடிக் கொடுத்தாள். முதல் சனிக்கிழமை, சமையலறையில் இருந்த காப்பித்தூளிலேயே மிளகு, காய்ந்த மிளகாய், சீரகம், கொத்தமல்லி விதை, உப்பு, நாட்டுச்சர்க்கரை எல்லாம் இடித்துச் சேர்த்து, கறிமேல் அழுத்தித் தடவி டிரம்முக்குள் வைத்தார். மாலையில் எடுத்தபோது மேலே பளபளவென்று ஒரு கறுப்புப் படலம் இறுகியிருந்தது. கத்தி இறங்க மறுத்தது.

ஃப்ளோரன்ஸ் ஒரு விள்ளலை வாயில் போட்டு மென்றாள். தொடக்கப்பள்ளி ஆசிரியை அவள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை யானை வரைந்து காட்டினால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

"கறி நல்லாத்தான் இருக்குதுங்க. இது மேல யாரு ரோடு போட்டது?"

"புகை போட்டா அப்படித்தான் இருக்கும்."

"எங்க அம்மா வீட்டுல உப்புக்கண்டத்த அடுப்புக்கு மேல கட்டி வச்சு புகை காட்டுவாங்க. அதுக்காக யாரும் பேண்ட் சட்டை போட்டுகினு எட்டு மணி நேரம் எதிர்ல உக்காந்தது இல்ல."

ஹெப்சிபா காப்பித்தூள் பாக்கெட்டை எடுத்துப் படித்தாள். "அப்பா, இதுல முப்பது பர்சென்ட் சிக்கரி. அதுதான் உருகி தீஞ்சிருக்குது. வெறும் காப்பி வாங்கிகினு வாங்க."

அப்படித்தான் சார்லி அந்த வெள்ளிக்கிழமை கடைக்குப் போனதும், போன இடத்தில் முகத்தைப் பலி கொடுத்துவிட்டு வந்ததும்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் வயர்மேன் அருள்தாஸ் முதலில் ஆரம்பித்தான். களம்பூர் ரோட்டில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்க சார்லி கிளம்பியபோது குறுக்கே வந்து நின்றான். "சார், நீங்க நிழல்லயே இருங்க. நாங்க பாத்துகினு வந்துடறோம். வெயில்ல போனா கறுத்துடும்."

"எது?"

"ஒண்ணுமில்ல சார்."

டீக்கடையில் மாஸ்டர் டீயை நீட்டிவிட்டு அவர் கன்னத்தையே பார்த்தார். முடிவெட்டும் கடையில், வழக்கமாகக் கேட்காத ஒன்றை, மூக்கு மேல் இருக்கும் கரும்புள்ளியை எடுத்துவிடவா என்று கேட்டார்கள். சார்லிக்கு ஒன்றும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, உடன் வேலை பார்க்கும் ஆரோக்கியசெல்வி டீச்சர் ஃப்ளோரன்ஸை ஓரமாக அழைத்தாள். "டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரரு முகத்துக்குக் காப்பித்தூள் பூசறாராமே. காப்பிக்கடை அம்மா சொன்னாங்க."

ஃப்ளோரன்ஸுக்கு அதுவரை எதுவும் தெரியாது. காப்பிக்கடை, வெள்ளிக்கிழமை, கணவனின் வாய் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

"ஆமா டீச்சர்," என்றாள். "கண்ணு மேல வெள்ளரிக்காய் வேற வச்சுகினு அரைமணி நேரம் அசையாம படுத்திருக்காரு. வீடே அமைதியா இருக்குது."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்கிறார்கள் என்று சார்லி புலம்பியபோது, "பளிச்சுனுதானே இருக்கீங்க," என்று மட்டும் சொன்னாள். அந்தப் 'பளிச்சு'தான் காட்டிக்கொடுத்தது. சார்லி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"உனக்கு யாரு சொன்னா?"

"ஊருல யாரு சொல்லலைன்னு கேளுங்க. மாட்டுக்கறிக்குன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். இனிமே கல்யாணம் முடியற வரைக்கும் நீங்க அழகா இருந்தாகணும்."

இதற்கிடையில் டிரம் ஓய்வில்லாமல் புகைந்தது. சிக்கரி இல்லாத தூள் வந்ததும் தார் படலம் போய்விட்டது. கறி மெத்தென்று வெந்தது. மாம்புகை வாசனை உள்வரை இறங்கியிருந்தது. ஆனால் விழுங்கியபின் நாக்கின் அடியில் ஒரு கசப்பு, உறை பிரிக்காமல் மாத்திரை போட்டதுபோல் நின்றது. அடுத்த சனிக்கிழமை நாட்டுச்சர்க்கரையை இரண்டு பங்காக்கிப் பார்த்தார். இனிப்பு முதலில் வந்தது, கசப்பு பின்னாலேயே வந்தது. தெருநாய்கள் மட்டும் குறை சொல்லவில்லை.

சம்மந்தி வர நான்கு நாள் இருந்தது. தூள் தீர்ந்துவிட்டது. சார்லி மறுபடியும் கொசப்பாளையம் போனார்.

"வாங்க தம்பி," என்றார் அபிதகுசாம்பாள். கடையில் வேறு யாருமில்லை. "ரெண்டு வாரத்துல கால் கிலோ ஆயிடுச்சு, இப்ப மறுபடியுமா. எவ்ளோ பெரிய முகம் உங்களுது."

சார்லி சிரிக்க முயன்றார்.

"ஆனா சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் தெளிஞ்சிருக்குது. அதான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். என் தங்கச்சி பொண்ணு சூர்யகலா இருக்குதில்ல, அதுக்கு முகம் பூரா பரு. உங்க பக்குவத்த அதுக்குச் சொல்லலாம்னு பாக்கறேன். பக்கத்து மளிகைக் கடையில விசாரிச்சேன். அன்னைக்கே நீங்க மிளகும் காஞ்ச மிளகாயும் வாங்கினீங்களாம். எல்லாம் ஒண்ணாத்தானே அரைக்கணும்? எவ்ளோ நேரம் வச்சுக் கழுவணும்?"

சார்லி அந்தச் சூர்யகலாவைப் பார்த்ததுகூட இல்லை. இருந்தாலும் மிளகாய் அரைத்துப் பூசிய முகத்தோடு அந்தப் பெண் குழாயடிக்கு ஓடுவது அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது.

"அக்கா, அந்தப் பொண்ணு ஒண்ணும் பூச வேணாம்."

"ஏன்?"

"அது முகத்துக்கு இல்லீங்க. கறிக்கு."

"ஆட்டுக்கறிக்கா?"

ஆமா என்று சொல்லியிருக்கலாம். இரண்டே எழுத்து. ஆனால் போன பொய் அவரை வைத்துப் படுத்திய பாட்டுக்கு இன்னொன்றைத் தாங்குகிற தெம்பு அவரிடம் இல்லை.

"மாட்டுக்கறிக்குங்க்கா."

மெஷினைப் போடப்போன அபிதகுசாம்பாள் கையை எடுத்தார்.

"பத்தொம்பது வருசமா நீங்க இன்னா சாப்புடறீங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "எனக்கு அது ஆகாது. ஆகும்னு பொய் சொல்ல மாட்டேன். நீங்க எதுக்கு எங்கிட்ட பொய் சொன்னீங்க?"

"உங்க மனசு கஷ்டப்படும்னு..."

"இப்ப எவ்ளோ பேஜார் பாருங்க. பதினோரு பேருகிட்ட சொல்லிட்டேன். அதுல நாலு பேரு முகத்துக்குன்னே தூள் வாங்கிகினு போயிருக்காங்க. நேத்து ஒருத்தி வந்து, ரொம்ப நல்லா கேக்குதுக்கான்னு வேற சொல்லிட்டுப் போறா. நான் இன்னான்னு போயி மாத்திச் சொல்றது?"

சொல்லிக்கொண்டு வரும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். சார்லி தலையைக் குனிந்தபடியே நின்றார். கோபமாகத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

"சரி, இன்னாத்துக்கு மறுபடியும் தூள்? வந்தது சரியா வரலையா?"

"எல்லாம் சரியா வருதுங்க. கடைசியில கசக்குது."

அபிதகுசாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இத்தனை நேரம் பேசியவர் வேறு, இப்போது நிமிர்ந்தவர் வேறு. "என் தூள் கசக்குதா? எவ்ளோ நேரம் அடுப்புல வைக்கிறீங்க?"

"எட்டு மணி நேரம். புகையில."

"எட்டு மணி நேரமா," என்றார், யாரோ தவறிப்போன செய்தியைக் கேட்டவர்போல. "நான் குடுத்தது டிகாஷனுக்குன்னு நல்லா கறுக்க வறுத்த கொட்டை தம்பி. வறுத்தத கொண்டுபோயி மறுபடியும் எட்டு மணி நேரம் வறுத்தா அது கசக்காம இன்னா பண்ணும்? வறுவல் கம்மியா இருக்கணும். பச்சை வாடை போய், பழுப்பு ஏறினதும் எறக்கிடணும். மிச்ச வறுவல உங்க புகை பாத்துக்கட்டும்."

"அப்படி வறுத்தது கெடைக்குமாக்கா?"

"கெடைக்குமா இன்னா? வறுத்தா கெடைக்கும். உக்காருங்க."

உள்ளே போய்ப் பச்சைக் கொட்டையைப் பிடியளவு எடுத்துப் பார்த்து, உருண்டையாக இருந்ததை மட்டும் பொறுக்கி, வறுக்கும் இயந்திரத்தில் கொட்டினார். பக்கத்தை விட்டு நகரவில்லை. நிறத்தைப் பார்த்தார், முகர்ந்தார், மறுபடி பார்த்தார். தான் வாழ்நாளில் தொடப்போகாத ஒரு சாப்பாட்டுக்காக அந்த அம்மாள் அரைமணி நேரம் அந்த உஷ்ணத்தில் நின்றதைச் சார்லி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உதவிக்கு எழுந்தபோது, உக்காருங்கன்னு சொன்னேன் என்று அதட்டினார்.

சனிக்கிழமை விடியும்போதே டிரம்மை மூட்டினார்கள். கறியில் தடவியது அந்தப் பழுப்புத் தூள். எல்லாரும் ஜவுளிக்கடைக்குப் போக வேண்டியிருந்ததால் காவலுக்கு அருள்தாஸை வைத்தார் சார்லி. எப்போது கட்டை போடுவது, எப்போது கதவைத் திறக்கக்கூடாது என்று அவனிடம் சொன்னதையே மூன்று முறை சொன்னார். அருள்தாஸ் கடைசியில், "சார், நீங்க புகைகிட்ட நிக்காதீங்க, போங்க," என்று முகத்தைச் சுட்டிக்காட்டி அனுப்பிவைத்தான்.

ராபர்ட்டும் அவர் மனைவியும் பத்து மணிக்கு வந்து சேர்ந்தார்கள். வீரபாகுவின் பட்டுக்கடையில் ஹெப்சிபாவுக்குச் சந்தன நிறத்தில் புடவை எடுத்தார்கள். எடுத்து முடிந்ததும் வீரபாகு தானாகவே ஒரு பட்டு வேட்டியைப் பிரித்துச் சார்லியின் தோளில் போட்டுப் பார்த்தார்.

"சார் கலருக்கு இது எடுப்பா இருக்கும். முன்ன மாதிரி இல்ல, இப்ப நல்லா தெளிவா இருக்கீங்க சார்."

"முன்ன எப்படி இருந்தாரு?" என்றார் ராபர்ட்.

வீரபாகு கூச்சப்பட்டு ஃப்ளோரன்ஸைப் பார்த்தார். அவள் கூச்சப்படவில்லை. "எங்க வீட்டுக்காரரு ரெண்டு வாரமா முகத்துக்குக் காப்பித்தூள் பூசறாருன்னு ஊருல பேச்சு சம்மந்தி," என்றாள்.

ராபர்ட் சார்லியின் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். அந்தக் கடையில் விஷயம் புரியக்கூடிய வெளியூர் ஆள் அவர் ஒருவர்தான். "மிளகும் சேத்தா பூசுனீங்க சம்மந்தி?" என்று மெதுவாகக் கேட்டார்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கறியை வெளியே எடுத்து, ஆறவிட்டு, சார்லி தன் கையாலேயே துண்டு போட்டார். கத்தி தானாக இறங்கியது. ராபர்ட் முதல் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சுங்க அதிகாரிபோலப் பார்த்தார். வாயில் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது துண்டை எடுத்தார். அப்போதும் சொல்லவில்லை. சார்லி கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"இவரு பேசாம சாப்புடறத நான் பாத்ததே இல்ல," என்றாள் ராபர்ட்டின் மனைவி.

"உப்பு அரைக் கல்லு கம்மி," என்றார் ராபர்ட் மூன்றாவதை எடுத்துக்கொண்டே. நான்காவதற்கு அவர் தட்டு நீண்டபோது ஃப்ளோரன்ஸ் பரிமாறினாள்.

"நல்லா சாப்புடுங்க சம்மந்தி. காட்பாடியில ரயில் கெடைக்கும். இது கெடைக்காது."

ராபர்ட் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துச் சொன்னார்: "எனக்கே கடைசியில ஒரு கசப்பு நிக்கும் சம்மந்தி. இருபது வருசமா அது அப்படித்தான்னு நெனச்சுகினு இருந்தேன். இதுல இல்ல. இன்னா பண்ணீங்க?"

தன் கைப்பக்குவம் என்று சொல்லிவிடச் சார்லிக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. "நான் ஒண்ணும் பண்ணல. எங்க ஊரு காப்பிக்கடை அக்கா கொட்டைய கம்மியா வறுத்துக் குடுத்தாங்க. அவங்க சுத்த சைவம்."

"ருசி பாக்காமயேவா?"

"வாசனைகூடப் பாக்கல."

ராபர்ட் தட்டைப் பார்த்தார். அவர் தனக்கு ஒரு கிலோ வேண்டும் என்று கேட்டது, கிளம்பும்போது பஸ் படியில் கால் வைத்த பிறகுதான்.

திங்கட்கிழமை அந்த ஒரு கிலோவுக்காகச் சார்லி கடைக்குப் போனபோது அபிதகுசாம்பாள் அவரை எதுவும் கேட்கவில்லை. கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே சேனைக்கிழங்கு, கனமான வில்லைகளாக, மேலே பழுப்பு மொறுமொறுப்போடு.

"அந்தத் தூள் கொஞ்சம் மிச்சம் இருந்துது. உங்க பக்குவம்தான், மிளகு, மிளகாய், நாட்டுச்சக்கரை எல்லாம் போட்டு, பொரட்டி, தோசைக்கல்லுல போட்டேன். என் தம்பி கமலக்கண்ணன் சாப்புட்டுட்டு தறிக்குப் போவாம உக்காந்துகினான். நீங்க ஒண்ணு பாருங்க."

சார்லி ஒரு வில்லையை எடுத்து நின்றபடியே சாப்பிட்டார். மேலே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். மிளகு ஒரு பக்கம் வந்தது, காப்பி ஒரு பக்கம் வந்தது, கசப்பு எங்கேயும் வரவில்லை. ஒரு டிரம், ஒரு வண்டி மாங்கிளை, நான்கு சனிக்கிழமைகள் என்று மனதுக்குள் ஓடியது.

"எவ்ளோ நேரம் ஆச்சுங்க்கா இது பண்ண?"

"கால் மணி இருக்கும். எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

"உங்களுத விடவா?"

"அத எப்படிங்க சொல்றது? நீங்கதான் அதச் சாப்புட்டதில்லையே."

"நான் கேக்கறது உங்கள," என்றார் அபிதகுசாம்பாள்.

சார்லி இரண்டாவது வில்லையை எடுத்தார். தெருவில் யாராவது வருகிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஆமாங்க்கா," என்றார். "காட்பாடிக்குத் தெரிய வேணாம்."